அஞ்செட்டி இறக்கத்தில் ஸ்பிட்ஃபயரும் டிசையரும்

தேன்கனிக்கோட்டையில் கார் வாங்க நினைப்பவருக்குப் பெங்களூரு பெரிய தொல்லை. ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியைக் கடந்துவிட்டால் போதும், அங்கிருக்கும் பழைய கார் சந்தை ஆளை இழுத்துக்கொள்ளும். குடும்பத்துக்கு ஒரு டிசையர் பார்க்கலாம் என்று கிளம்பியவர், இரண்டே கதவும் தாழ்ந்த இருக்கையும் மடக்குகிற கூரையுமாக நிற்கும் ஏதோ ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி தூக்கமில்லாமல் புரளுவார். விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதானே சார் என்று விற்பவர் வேறு தூபம் போட்டிருப்பார். வீட்டில் சொன்னால் என்ன பதில் வரும் என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் கேள்வி என்னவோ கேட்கத் தகுந்ததுதான். இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் சாதாரணக் குடும்ப செடானும், அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே சாலையில் ஓடினால் எது தேறும்?

பொதுவாகப் பேசினால் இதற்கு முடிவே வராது. ஃபெராரி என்பார் ஒருவர், போர்ஷே என்பார் இன்னொருவர். ஆகவே பெயர் சொல்லி இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். செடான் பக்கம் மாருதி டிசையர், 2024 நவம்பரில் வந்த புதிய தலைமுறை. ஓசூர் சிப்காட் வாசலிலிருந்து தேன்கனிக்கோட்டை பேருந்து நிலையம் வரை, வெள்ளை போர்டிலும் மஞ்சள் போர்டிலும் ஏதாவது ஒரு டிசையர் கண்ணில் படாத நாள் கிடையாது. ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். எங்கோ இங்கிலாந்தில் செய்த வண்டியை இங்கே எதற்கு இழுக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. அதன் மூத்த அண்ணன் சென்னைக்காரர்.

1948இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர்ப் பக்கம் இருந்த தன் ஆலையில் முதலில் வேன்கார்டையும், பிறகு ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 ஆகியவற்றையும் செய்தது. 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அறுபதுகளின் தமிழ்ப் படங்களில் அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நடுவே, பின்பக்கம் சிறு மீன்துடுப்பு வைத்த சின்ன வண்டி ஒன்று அவ்வப்போது வந்துபோகும், அதுதான். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இங்கே வைத்த பெயர் அது. உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி.

ஹெரால்டின் உடம்புக்குள் ஒரு பழைய தகராறு இருக்கிறது. மற்ற கம்பெனிகள் எல்லாம் உடலையும் சேஸையும் ஒன்றாகப் பற்றவைக்கும் மோனோகாக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் நிறுவனத்துக்கு உடற்கூடு அச்சடித்துக் கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953இல் விலைக்கு வாங்கிவிட்டது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லை. வேறு வழியின்றிப் பழைய மாதிரியே தனி சேஸ் வைத்து, அதன்மேல் வெவ்வேறு இடங்களில் அடித்த தகடுகளை போல்ட் போட்டு முடுக்கினார்கள். இந்தக் கட்டாயமே பின்னால் பெரிய வசதியாகப் போயிற்று. பாகங்களாகக் கப்பலில் ஏற்றி மதராஸ் மாதிரி ஊர்களுக்கு அனுப்பிப் பூட்டலாம். ஒரே சேஸில் செடான், கூபே, கூரை மடங்கும் வண்டி, எஸ்டேட், வேன் என்று எதை வேண்டுமானாலும் ஏற்றலாம்.

அப்படி ஏறியதில் ஒன்றுதான் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டின் வீல்பேஸ் 91.5 அங்குலம். அதை 83 அங்குலமாகக் குறுக்கி, பக்கவாட்டுக் கைகளை வெட்டி, அதே மிக்கெலோட்டியிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் உடலை வரைந்து வாங்கினார்கள். மாதிரி வண்டியும் தயாரானது. அதற்குள் கையில் காசு தீர்ந்துவிட்டது. வண்டி ஆலையின் ஒரு மூலையில் துணி போர்த்தி நின்றது. 1961இல் ஸ்டாண்டர்டு-ட்ரையம்பை லேலண்ட் மோட்டார்ஸ் வாங்கியது. வாங்கிய சொத்தைக் கணக்கெடுக்க வந்த லேலண்ட் அதிகாரிகள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் தயாரிப்புக்கு ஒப்புதல் கொடுத்தார்கள் என்பது அந்த வண்டியின் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படுகிற சம்பவம்.

லேலண்ட் என்ற பெயர் இந்த வட்டாரத்தில் யாருக்கும் புதிதில்லை. எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டுவதற்காக 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அதே லேலண்ட் மோட்டார்ஸைப் பங்குதாரராகச் சேர்த்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. ஓசூர் ஆலை வந்தது 1980இல். தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஷிப்டு பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போய் ஓய்வு பெற்றவர்கள் ஊருக்குப் பலர். கடைசி ஸ்பிட்ஃபயர் இங்கிலாந்தில் ஆலையை விட்டு வெளிவந்ததும் அதே 1980 ஆகஸ்டில்தான். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டி, ஒன்றுகூட மதராஸில் செய்யப்படவில்லை. பர்மிட், கோட்டா என்று நம் அரசு கார் உற்பத்தியை எண்ணி எண்ணி விட்ட காலத்தில் இரண்டு பேர் மட்டும் போகும் வண்டிக்கு யார் அனுமதி கேட்டிருப்பார்கள்?

இப்போது கணக்குக்கு வருவோம்.

முதல் ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் 1,147 சிசி, இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், 63 குதிரைத்திறன். பரம்பரையைத் தோண்டினால் அது 1953இன் ஸ்டாண்டர்டு 8 என்ற குட்டிக் குடும்பக் காரின் 803 சிசி எஞ்சினில் போய் நிற்கும். அதைப் பெருக்கி 948 ஆக்கி ஸ்டாண்டர்டு 10க்கும் ஹெரால்டுக்கும் வைத்தார்கள். மேலும் பெருக்கி 1,147 ஆக்கி ஸ்பிட்ஃபயருக்கு வைத்தார்கள். வண்டியின் எடை சுமார் 710 கிலோ. டிசையரின் எஞ்சின் 1,197 சிசி, மூன்று சிலிண்டர், ஏறத்தாழ 80 குதிரைத்திறன். எடை 950 கிலோவை ஒட்டி. வகுத்துப் பாருங்கள். ஒரு டன்னுக்கு இத்தனை குதிரை என்று கணக்கிட்டால் இரண்டும் அக்கம்பக்கத்தில்தான் நிற்கின்றன. பழைய வண்டி நாலைந்து குதிரை முன்னாலேயே நிற்கிறது.

ஆனால் சாலையில் நிலைமை வேறு. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலை, அதாவது 96 கிலோமீட்டரைத் தொட ஸ்பிட்ஃபயருக்கு 17 நொடி அளவில் பிடித்தது. டிசையர் 100 கிலோமீட்டரைச் சுமார் 12 நொடியில் தொடும், அதுவும் ஏசி காற்று முகத்தில் வீச. ஸ்பிட்ஃபயரின் உச்ச வேகம் மணிக்கு 92 மைல், ஏறத்தாழ 148 கிலோமீட்டர். டிசையர் அதையும் தாண்டும், தாண்டத் தேவையில்லை என்பது வேறு விஷயம். ஸ்பிட்ஃபயரின் டயர் அகலம் 5.2 அங்குலம், சுமார் 132 மில்லிமீட்டர். டிசையரின் விலை குறைந்த மாடலுக்கே 165. மழையில் பிரேக் அடிக்கும்போது இந்த 33 மில்லிமீட்டரும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து என்ன செய்யும் என்பதைக் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போனவர்கள் அறிவார்கள்.

பாதுகாப்பில் ஒப்பிடவே வேண்டாம். புதிய டிசையர் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் மாருதி. ஆறு ஏர்பேக்கும் ஈஎஸ்பியும் எல்லா மாடலிலும் உண்டு. 1962 ஸ்பிட்ஃபயரில் ஓட்டுநரின் நெஞ்சுக்கு முன்னால் இருந்தது ஸ்டியரிங் கம்பி, தலைக்கு மேல் கித்தான்.

அப்படியானால் அதை ஏன் ஸ்போர்ட்ஸ் கார் என்றார்கள்? விடை இருக்கையில் இருக்கிறது. ஸ்பிட்ஃபயருக்குள் ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்க வேண்டும். ஓட்டுநரின் பின்புறம் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும். காலை நேராக நீட்டி உட்கார்ந்தால் கதவு தோளுக்கும் கீழே நின்றுவிடும். கையைத் தொங்கவிட்டால் விரல் ஏறத்தாழத் தார்ச்சாலைக்கு எட்டும். எஞ்சினுக்கும் காதுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றுதான். பவர் ஸ்டியரிங் கிடையாது, தேவையும் இல்லை. ரேக் அண்ட் பினியன் வழியாகச் சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளங்கைக்கு வந்து சேரும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போனாலே 100இல் போவது மாதிரி இருக்கும். ஓட்டுபவருக்கு வேண்டியது அந்த மயக்கம்தான். டிசையரில் 100இல் போனாலும் 60 மாதிரி இருக்கும், பின்சீட்டில் குழந்தை தூங்கும். இரண்டு கம்பெனியும் தாங்கள் செய்ய நினைத்ததைச் சரியாகவே செய்திருக்கின்றன.

பழைய வண்டி இன்னும் ஓர் இடத்தில் இன்றைய செடானை வெட்கப்பட வைக்கும். ஹெரால்டு முழுவட்டம் திரும்ப 25 அடி போதும், 7.6 மீட்டர். ஸ்பிட்ஃபயருக்கு அதைவிடச் சற்றே குறைவு. டிசையருக்கு 9.6 மீட்டர் வேண்டும். பேட்டராய சுவாமி கோயில் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வண்டியைத் திருப்பப் பார்த்தவர்களிடம் இந்த இரண்டு மீட்டரின் அருமையைக் கேட்டுப் பாருங்கள். லண்டன் டாக்சி மாதிரி நின்ற இடத்திலேயே திரும்பும் வண்டியை மதராஸிலேயே செய்துகொண்டிருந்தார்கள், நாம்தான் விட்டுவிட்டோம்.

சரி, வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வருவோம். தேன்கனிக்கோட்டை கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே. ஓசூரிலிருந்து மத்திகிரி, கெலமங்கலம் பக்கமாக வரும் சாலைகளில் பிரச்சினை மேடு பள்ளம் அல்ல, வேகத்தடை. இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரத்தில், மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். விதிப்படி போட்ட தடையில் ஸ்பிட்ஃபயரும் தப்பிவிடும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒன்று, கோயிலுக்கு முன்னால் ஒன்று, விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்களே மண்ணைக் கொட்டித் தார் ஊற்றிய ஒன்று என்று இருப்பவை எல்லாம் எந்த விதியையும் படித்தவை அல்ல. தரையிலிருந்து சுமார் 5 அங்குலம் மட்டுமே உயர்ந்த வண்டியில் முதலில் சைலன்சர் இடிக்கும், அடுத்தது சேஸ். 163 மில்லிமீட்டர் உயர டிசையரே நான்கு பேர் ஏறினால் சில இடங்களில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் தாண்டுகிறது.

உண்மையான பரீட்சை ஊருக்குத் தெற்கே இருக்கிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் சாலை காட்டுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து காவிரிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. ஸ்போர்ட்ஸ் காரில் ஆசை வைத்தவர்கள் கனவு காண்பது இப்படிப்பட்ட சாலையைத்தான். முதல் ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் காலை வாருவதும் இப்படிப்பட்ட சாலையில்தான்.

காரணம் அவற்றின் பின்அச்சு. ஸ்விங் ஆக்ஸில் என்பார்கள். டிஃபரன்ஷியல் கூடு சேஸில் அசையாமல் நிற்க, அதிலிருந்து இரண்டு பக்கமும் அரை அச்சு தொங்கி மேலும் கீழும் ஆடும். நேர்ச்சாலையில் சுகமான சவாரி. இறக்கத்தில் கொண்டைஊசி வளைவுக்குள் சற்று வேகமாக நுழைந்துவிட்டு, பயத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுத்தால் எடை முன்னால் பாயும், பின்பக்கம் எழும். எழுந்தவுடன் வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கிக்கொள்ளும். டயரின் அகலத்தில் பாதிகூடத் தரையைத் தொடாது. வண்டியின் வால் வெளியே வீசும். ஓட்டத் தெரிந்தவர் காலை எடுக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக மிதித்துக்கொண்டே போவார். தெரியாதவர் பள்ளத்தைப் பார்ப்பார். கம்பெனி இதைச் சரிசெய்ய 1970இல் வந்த நான்காம் மார்க் வரை எடுத்துக்கொண்டது. பின்பக்க வில்பட்டையைச் சுழலும்படி மாற்றினார்கள். சென்னையிலோ வேறு மாதிரி தீர்த்தார்கள். அறுபதுகளின் இறுதியில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தார்கள், உலகில் வேறெங்கும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு அது. 1972இல் அதையே கெஸல் என்று பெயர் மாற்றியபோது ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, நம் மெக்கானிக்குகளுக்குப் பழக்கமான ஒற்றைக்கட்டை அச்சை மாட்டினார்கள். இங்கிலாந்தில் கையாளுமை என்றார்கள். இங்கே பட்டறையில் பிரித்து மாட்ட முடியுமா என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விதான் நம் ஊருக்குப் பொருத்தம்.

டிசையருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. வால் வீசப்போகிறது என்று சென்சார் உணர்ந்த மாத்திரத்தில் ஈஎஸ்பி ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கிவிடும். ஓட்டுநருக்குத் தான் தப்பித்ததே தெரியாது. இது நல்லதா என்று கேட்கும் பழைய ஆட்கள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு ஒகேனக்கலுக்கு மீன் சாப்பிடப் போகிறவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம்.

யானையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மழைக்காலம் முடியும் தறுவாயில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று கேழ்வரகு வயல்களைத் தேடிக் கூட்டம் கூட்டமாக யானைகள் வருவது ஆண்டுதோறும் நடப்பது. மாலை மங்கிய பிறகு காட்டுச்சாலையில் திருப்பத்தில் ஒரு கூட்டம் நின்றால் விளக்கைக் குறைத்துவிட்டு, ஹாரன் அடிக்காமல், ரிவர்ஸ் எடுத்துக் காத்திருக்க வேண்டும். கித்தான் கூரையும், சூடேறினால் நின்றுபோகும் கார்புரேட்டரும் உள்ள வண்டியில் உட்கார்ந்து அதைச் செய்வதற்கு வேறு வகை நெஞ்சுரம் வேண்டும்.

கார்புரேட்டர் என்றதும் பெட்ரோல் ஞாபகம் வருகிறது. பழைய வண்டிக்கு இன்றைய பங்க்கே பாதி எதிரி. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. அந்த ஈயம்தான் அறுபதுகளின் எஞ்சினில் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தது. ஹெட்டைக் கழற்றிக் கடினமான இருக்கை போட்டால் அது தீரும். அடுத்து வந்தது எத்தனால். இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. டிசையரில் கம்ப்யூட்டர் புகைபோக்கியில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். எஸ்யூ கார்புரேட்டருக்குக் கண்ணும் இல்லை காதும் இல்லை. ஊசியை மாற்றாவிட்டால் எஞ்சின் சூடாக ஓடும். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் உப்ப வைத்து வெடிக்கச் செய்துவிடும். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிவதைவிடக் கெட்ட செய்தி ஒரு காரில் கிடையாது. ஆகவே பழைய வண்டி வாங்கியவர் முதல் வேலையாக எல்லாக் குழாயையும் மாற்றிவிட வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஓசூரின் பெருமையையும் சொல்லியாக வேண்டும். லேத்தும் சிஎன்சியும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊர். தேய்ந்த பாகத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அளவெடுத்துப் பித்தளையில் கடைந்து தர ஆள் இருக்கிறார்கள். ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் முன்சக்கரம் நிற்பது ட்ரன்னியன் என்ற ஒரு வெண்கலக் கட்டையில். அதற்குள் திருகாணி மாதிரி இரும்புத் தண்டு முடுக்கியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் தண்டு அதற்குள் திரும்பும். கிரீஸ் கன்னைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும் நம் பட்டறைகளில் அதற்குள் கிரீஸ் அடித்துவிடுவார்கள். அதற்கு வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் நாளடைவில் இறுகிக் கட்டியாகும், தண்டு வறண்டு துருப்பிடிக்கும், ஒருநாள் முறியும், முன்சக்கரம் சப்பணமிட்டு உட்காரும். இது மதராஸ் ஹெரால்டுக்கும் உண்டு, இங்கிலாந்து ஸ்பிட்ஃபயருக்கும் உண்டு. லோட்டஸ் எலான் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரும் தன் முன்சக்கரத்தைத் தாங்க இதே ட்ரையம்ப் பாகத்தைத்தான் வாங்கிப் போட்டது. ஹெரால்டை மட்டமாகப் பேசுகிறவர்களுக்குச் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பக் காரின் பாகத்தைக் கொண்டு பந்தய வண்டி செய்வது இங்கிலாந்துக்கு மட்டும் உரியதல்ல. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய நாட்களில் ஓடியவற்றில் பெரும்பாலானவை ஆபீசுக்கும் போய்க்கொண்டிருந்த வண்டிகள். ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு என்று எதையாவது இளைக்க வைத்து, ஹெட்டைச் செதுக்கிக்கொண்டு வருவார்கள். கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் இன்னும் ஒரு படி மேலே போனார். மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தய வகையையே உருவாக்கினார். காய்கறிச் சந்தைக்குப் போகும் காரின் எஞ்சினில் ஓட்டப் பழகிய பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவரதன் 1995இல் சிறு விமான விபத்தில் இறந்துபோகாமல் இருந்திருந்தால் தமிழ்நாட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனியே வந்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

பெங்களூரு ஆட்கள் முயன்றும் பார்த்தார்கள். சான் மோட்டார்ஸ் தொண்ணூறுகளின் கடைசியில் கோவாவில் செய்த சான் ஸ்டார்ம், இந்தியாவில் விற்பனைக்கு வந்த இரண்டு இருக்கைத் திறந்த கார். ஃபைபர் உடல். எஞ்சின் ரெனோ கிளியோ என்ற குடும்பக் காருடையது: 1,149 சிசி, 60 குதிரைத்திறன். முதல் ஸ்பிட்ஃபயரின் 1,147 சிசியையும் 63 குதிரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முப்பத்தைந்து ஆண்டு கழித்து அதே செய்முறை. ஆனால் காலம் மாறியிருந்தது. வாங்குபவர் ஏசி எங்கே, பவர் ஸ்டியரிங் எங்கே என்று கேட்டார். வண்டி எடுபடவில்லை.

உண்மையில் இந்தியாவின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எது என்று கேட்டால், நான்கு கதவு வைத்த ஒரு செடானைத்தான் காட்ட வேண்டும். 2000ஆம் ஆண்டையொட்டி வந்த ஹோண்டா சிட்டி 1.5 விடெக். 106 குதிரைத்திறன், ஒரு டன்னை ஒட்டிய எடை, முள் 6,800ஐத் தொடும்வரை களைக்காமல் ஓடும் எஞ்சின். பின்சீட்டில் மாமனார் மாமியாரை உட்கார வைத்துத் திருப்பதி போய்வரலாம். அவர்களை இறக்கிவிட்ட பிறகு ஆள் மாறிவிடும். 2003இல் அடுத்த சிட்டியை 77 குதிரையோடு இறக்கியபோது ரசிகர்கள் பட்ட துக்கம் கொஞ்சநஞ்சமல்ல. அது மைலேஜில் வென்றது, விற்பனையில் வென்றது. விடெக்கோ இன்றும் தேடப்படுகிறது.

இனிக் காகிதம். எல்லையோர ஊரில் கார் வாங்குகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெங்களூரில் வாங்கிய கேஏ எண் வண்டியை இங்கே ஆண்டுக்கணக்கில் ஓட்ட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். கர்நாடகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வாழ்நாள் வரி கட்டி, பிறகு அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு நடக்க வேண்டும். அந்தப் பணம் கைக்கு வரும் வேகத்தோடு ஒப்பிட்டால் ஸ்பிட்ஃபயரின் 17 நொடி ஒன்றுமே இல்லை. பதினைந்து ஆண்டு தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலிலேயே 600 ரூபாயிலிருந்து 5,000க்குப் போய்விட்டது. ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் தனி விதி வந்தது. எண் பலகையில் விஏ என்ற எழுத்து வரும். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் அந்த எண்ணோடு தினமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, அவ்வளவுதான். அஞ்செட்டிக்குக் காய்கறி வாங்கப் போனேன் என்று சொன்னால் செல்லாது.

டிசையர் பக்கம் காற்று சாதகமாக வீசுகிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன கார்களுக்கு வரிச் சலுகை 2006 பட்ஜெட்டிலேயே வந்தது. அந்தச் சலுகைக்காகவே டிக்கியை நறுக்கிய முதல் செடான் 2008இன் டாடா இண்டிகோ சிஎஸ். டிசையரும் 3,995 மில்லிமீட்டரில் நிற்பது அதனால்தான். பின்பக்கம் பாதியில் வெட்டியது போலத் தெரிந்தால் வடிவமைத்தவரைத் திட்ட வேண்டாம், நிதி அமைச்சகத்தைத் திட்டுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனது, முன்பு செஸ்ஸும் சேர்த்து 29. நறுக்கிய டிக்கியிலும் 382 லிட்டர் இடம் இருக்கிறது. தளி பக்கத்திலிருந்து ரோஜாப் பூக்கூடை ஏற்றலாம், ஊட்டி மலைக்குப் பெட்டி ஏற்றலாம்.

ஆகத் தீர்ப்பு இதுதான். வீட்டில் ஒரே ஒரு கார் நிற்கப்போகிறது என்றால், அது டிசையர் வகையறாவாகவே இருக்கட்டும். வேகம், பிரேக், மைலேஜ், உயிர் என்று எந்தக் கணக்கில் பார்த்தாலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கையில் எண்ணெய் படிவது பிடிக்கும் என்பவர் பெங்களூரு சந்தையில் பளபளக்கும் சீமை வண்டிக்குப் பாகம் தேடி அலைவதைவிட, முறையாகப் பராமரித்த ஒரு விடெக்கையோ, கிடைத்தால் ஒரு ஹெரால்டையோ வாங்கலாம். ஹெரால்டின் பானட் முழுதாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். இரண்டு பக்க மட்கார்டும் அதோடேயே எழுந்துவிடும். முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைத் திருகலாம். ஸ்பிட்ஃபயரிலும் இதே ஏற்பாடுதான். அந்த வண்டி தரும் சுகத்தில் பெரும்பகுதியை நான்கு பேரோடு பகிர்ந்துகொள்ளும் வண்டி இது.

தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பழைய வீடுகளின் கொட்டகையில் தாத்தா ஓட்டிய ஹெரால்டு ஒன்று கோழிக்கூடாக நின்றுகொண்டிருந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். பீரோவில் அதன் ஆர்சி புத்தகத்தைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் நடக்காது. கிடைத்தால் அதிலிருக்கும் சேஸ் எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் எடைக்குப் போடாதீர்கள். அந்த வண்டியின் பாகங்களில் பலவற்றை ஸ்பிட்ஃபயர் ரசிகர்களுக்காக இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.